மிளகு இன்று தட்டை நக்கினாள்

ஆறு நாட்களுக்குப் பிறகு, இன்று காலை எங்கள் பூனை மிளகு, வேகவைத்த கோழியைத் தானாகவே தின்றாள். தட்டை நக்கும் அந்தச் சொரசொரப்பான சத்தத்தைக் கேட்டபடி அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கோத்தகிரியில் போன வாரம் முழுக்க மழையும் மூடுபனியும். குளிருக்குச் சுருண்டு கிடக்கிறாள் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். என் தவறுதான். காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. மீனை முகர்ந்துவிட்டு, உதட்டை நக்கியபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குமட்டல் அப்படித்தான் தெரியுமாம். வாந்தி ஒருமுறைகூட இல்லை. அவளுக்கு வந்திருந்தது கணைய அழற்சி, அதாவது செரிமான நீரைச் சுரக்கும் கணையத்தில் வீக்கம். இந்த நோய் வந்த நாயை வாந்தி பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பூனையோ வலியை மறைத்துக்கொண்டு ஒடுங்கிவிடும்.

மலையிறங்கி, மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குக் கொண்டுபோனோம். வழக்கமான ரத்தப் பரிசோதனையின் அமிலேஸ், லிப்பேஸ் என்னும் செரிமான நொதிகளின் அளவுகளை வைத்துப் பூனைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். பூனையின் கணைய லிப்பேஸை அளக்கும் தனிப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டும் சேர்ந்துதான் நோயைக் காட்டின.

நரம்பு வழியே திரவம், வலிக்கும் குமட்டலுக்கும் ஊசி. பட்டினி போடச் சொல்வார்கள் என்று நினைத்தேன். கூடவே கூடாது என்றார். சில நாட்கள் சாப்பிடாத பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். மூக்கு வழியே மெல்லிய குழாய் வைத்து ஊட்டினார்கள்.

உங்கள் பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் உடனே மருத்துவரிடம் போங்கள். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு.

இப்போது ஜன்னலோரம் வெயில் காய்கிறாள். வைட்டமின் பி12 ஊசி இன்னும் பாக்கி இருக்கிறது.