பீட்டர் குஷிங்: நேரலையில் நிமிர்ந்த நடிகர்

பீட்டர் குஷிங்கை நம்மில் பலர் 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஆளுநர் டார்க்கினாக மட்டுமே அறிவோம். (பூட்ஸ் காலைக் கடித்ததால், பாதம் தெரியாத காட்சிகளில் அவர் வீட்டுச் செருப்புடனேயே நடித்தாராம்.) 1913இல் இங்கிலாந்தின் சர்ரேயில் பிறந்த அவர், 1939இல் ஹாலிவுட்டுக்குச் சென்று, சிறு வேடங்கள் சிலவற்றோடு நாடு திரும்பினார். 1948இல் லாரன்ஸ் ஒலிவியேயின் 'ஹாம்லெட்' படத்தில் ஆஸ்ரிக் என்ற பாத்திரத்தில் நடித்தும், திரையுலகம் அவரைத் தேடி வரவில்லை.

அவரைத் தூக்கி நிறுத்தியது தொலைக்காட்சிதான். 1954 டிசம்பரில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை பிபிசி நேரலை நாடகமாக ஒளிபரப்பியபோது, அதன் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித்தாக நடித்தவர் குஷிங். சித்திரவதைக் காட்சிகளைக் கண்டு பதறிய பார்வையாளர்களின் எதிர்ப்பு நாடாளுமன்றம் வரை எட்டிய நிலையிலும், அக்கால வழக்கப்படி அதே வாரம் வியாழனன்று நடிகர்கள் முழு நாடகத்தையும் மீண்டும் முதலிலிருந்து நேரலையில் நடித்தனர். இன்று நமக்கு எஞ்சியிருப்பது அந்த இரண்டாம் நடிப்பின் பதிவே.

அந்தப் புகழோடுதான் ஹாமர் என்ற பிரிட்டிஷ் படநிறுவனத்தின் ஃபிராங்கன்ஸ்டைன் படத்துக்கு 1957இலும், டிராகுலா படத்துக்கு 1958இலும் வந்தார். மலிவான திகில் படங்கள் என்று விமர்சகர்கள் முகம் சுளித்த அவற்றிலும், வின்ஸ்டனுக்குக் காட்டிய அதே சிரத்தையை அவர் ஒரு துளியும் குறைக்கவில்லை என்பதே என் எண்ணம்.