பயிற்சி மையம் போகாமல் நாட்டா எழுதினேன்

கட்டடக்கலைப் படிப்புக்கு நாட்டா நுழைவுத் தேர்வு எழுதப்போகிறேன் என்றதும், "மதுரையில் தங்கிப் படிக்க எவ்வளவு ஆகும்?" என்றார் அப்பா. விசாரித்தோம். கேட்ட தொகைக்கு வீட்டில் வழியில்லை. காரைக்குடியிலேயே இருந்து, தேர்வுக் கட்டணம் தவிர வேறு செலவில்லாமல் படிப்பதென்று முடிவானது.

தேர்வை நடத்தும் கட்டடக்கலைக் கவுன்சிலின் கையேட்டை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். 2025ஆம் ஆண்டு முறைப்படி மொத்தம் 200 மதிப்பெண். தாளில் வரைவதற்கு 80, கணினியில் விடையளிக்கும் வினாக்களுக்கு 120, இரண்டுக்கும் தலா 90 நிமிடம். கணினிப் பகுதிக்கு நான் புத்தகமே வாங்கவில்லை. ஜேஇஇ மெயின் தேர்வில் கட்டடக்கலை இளநிலைப் படிப்பான பி.ஆர்க் சேர்க்கைக்கென்று தாள் 2ஏ உண்டு. அதன் பழைய வினாத்தாள்களைத் தேசியத் தேர்வு முகமை தன் தளத்திலேயே வெளியிடுகிறது. உருவங்களைத் திருப்பிப் பார்க்கும் கேள்விகளுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை. கணக்குக்குப் பள்ளிப் பாடநூல்.

வரைவதற்குத்தான் ஊர் கைகொடுத்தது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் முகப்பில் நின்றால் வளவு எனும் முற்றப் பகுதி, இரண்டாம் கட்டு தாண்டிப் பின்வாசல்வரை கதவு நிலைகள் ஒரே கோட்டில் தெரியும். ஒரு நிலைக்குள் இன்னொரு நிலை சிறுத்துக்கொண்டே போகும். தொலைவு காட்டி வரைவதற்கு இதற்குமேல் என்ன பாடம் வேண்டும்? தெருவில் ஓர் ஆச்சி தன் வீட்டில் உட்கார்ந்து வரைய அனுமதித்தார். வெற்றிலையை மென்றபடி எட்டிப் பார்ப்பார். "இது யார் வீட்டுத் தூண் ஆத்தா? எங்கள் பர்மா தேக்கு இப்படியா இளைத்துக் கிடக்கிறது?" அவருக்குப் பயந்தே பென்சிலை நீட்டிப் பிடித்து அளந்த பிறகுதான் கோடு போடுவேன்.

நிறத்துக்கு, தரை ஓடுகளுக்குப் பேர்போன ஆத்தங்குடி. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் கரும்பச்சைக்குப் பக்கத்தில் காவி கலங்காமல் நிற்கிறது. எந்த நிறம் எதை அடுத்து எடுபடுகிறது என்பதை அங்கே குறித்துக்கொண்டு வந்து வீட்டில் போட்டுப் பார்ப்பேன். சுற்றுலா வண்டிகள் வராத மதியம்தான் தோது. மற்ற நேரத்தில் நிற்க இடமிருக்காது. முப்பரிமாண வடிவங்கள் செய்ய பழைய கல்யாணப் பத்திரிகைகளின் அட்டை இருந்தது. எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை.

காசில்லாப் படிப்பின் உண்மையான குறை, திருத்த ஆளில்லாதது. இணையக் காணொளி என் படத்தைப் பார்க்காதே! பள்ளி ஓவிய ஆசிரியரிடம் சனிக்கிழமைகளில் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படத்தைவிடக் கடிகாரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்: வரைதல் பகுதியின் மூன்று கேள்வியும் முடிய வேண்டும், ஒன்றிலேயே அழகு பார்த்துக்கொண்டிருக்காதே என்று.

தமிழ்நாட்டில் பி.ஆர்க் தரவரிசைக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணும் சரிபாதி. ஆகவே பொதுத்தேர்வு முடியும்வரை வரைவதை ஓரங்கட்டிவிட்டேன். 2025ஆம் ஆண்டு முறைப்படி நாட்டாவை ஒரே ஆண்டில் மூன்று முறைவரை எழுத முடிந்தது, சிறந்ததை எடுத்துக்கொண்டார்கள். அதனால் அவசரமும் இல்லை. கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டிலேயே இடம் கிடைத்துவிட்டது.