காற்றாடிமலைக்குப் போகும் வழியில் ஒரு டச்சுக்காரரின் கல்லறை

தவக்காலத்தில் காற்றாடிமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நேரே ஆரல்வாய்மொழிக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். புனித தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட மலை அது. திருப்பயணம் அங்கே போய்ச் சேர வேண்டியதுதான். ஆனால் தொடங்க வேண்டிய இடம் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் உதயகிரிக் கோட்டை என்பது என் கட்சி. எங்கள் பங்குக் கோயிலிலிருந்து வேனில் கிளம்பியவர்களை வற்புறுத்தி முதலில் அங்கே இறக்கினேன். கோட்டையில் கும்பிட என்ன இருக்கிறது என்று முணுமுணுத்தார்கள். நுழைவு டிக்கெட் வேறு வாங்க வேண்டியிருந்ததால் முணுமுணுப்பு கொஞ்சம் பலத்தது.

உள்ளே, கூரை போய்விட்ட ஒரு சிற்றாலயம். அதில்தான் டிலனாய் புதைக்கப்பட்டிருக்கிறார். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படையிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி. கைதியாக வந்தவர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, 1777-இல் இந்த மண்ணிலேயே கண்ணை மூடினார். கல்லறைக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள். போரில் இறந்த அவருடைய மகனும் இங்கேயே அடக்கம்.

"இவருக்கும் மகன் போனானா?" என்று கேட்டார் பெரியம்மா.

எங்கள் குழுவில் அந்தக் கேள்வியைக் கேட்க அவரைவிடத் தகுதியுள்ளவர் யாரும் இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்தவன் அவர் மகன். படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2-ஆம் தேதி, இறந்தோர் நினைவு நாளில், ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது பெரியம்மா வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். ஏற்ற ஒரு குழி வேண்டுமே.

டிலனாயிடமிருந்து தொடங்க வேண்டும் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1712-இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்த தேவசகாயம் அரண்மனைப் பணியில் இருந்தவர். மாடுகள் மடிந்து, சொத்து கரைந்து, மனம் ஒடிந்து கிடந்த நேரத்தில் அவருக்கு டிலனாய் சொன்னது விவிலியத்தில் வரும் யோபுவின் கதை. ஆறுதல் சொல்ல அற்புதங்களை அடுக்கியிருக்கலாம். எல்லாம் சரியாகிவிடும் என்று முதுகைத் தட்டிக்கொடுத்திருக்கலாம். அவரோ எல்லாவற்றையும் இழந்து, சாம்பலில் உட்கார்ந்து, கடவுளிடமே வழக்காடிய ஒருவனின் கதையை எடுத்தார். நாடிழந்த கைதி ஒருவர் நொந்து கிடந்தவருக்குச் சொன்ன அந்தக் கதை, 1745 மே 14-ஆம் தேதி வடக்கன்குளத்தில் திருமுழுக்கில் போய் நின்றது. இயேசு கல்லறையிலிருந்து எழுப்பிய இலாசரின் பெயரைத்தான் தேவசகாயம் என்று தமிழாக்கிச் சூட்டினார்கள்.

புலியூர்க்குறிச்சியில் அதிக நேரம் நிற்கவில்லை. தாகத்தில் தவித்த தேவசகாயம் முட்டியால் இடித்தபோது நீர் சுரந்ததாகச் சொல்லப்படும் பாறையில், ஆளுக்கு ஒரு கை நீர் அள்ளிக் குடித்துவிட்டு வேனில் ஏறினோம். ஏறியதும் பெரியம்மா பங்குத்தந்தையிடம் வழக்கைத் தொடங்கினார்.

"யோபு கதை எனக்குப் பிடிக்காது, சாமி. பெருங்காற்று அடித்து வீடு இடிந்து பத்துப் பிள்ளைகளும் செத்தார்கள். கடைசியில் கடவுள் வேறு பத்துப் பிள்ளைகளைக் கொடுத்தார் என்று முடித்துவிடுகிறீர்கள். பத்துக்குப் பத்து ஈடாகுமா? பெற்றவளிடம் கேட்டுத்தான் எழுதினார்களா?"

வேனில் பாட்டு நின்றுவிட்டது. சாமியார் உடனே பதில் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்கள். பேசத் தொடங்கியதும்தான் கெடுத்தார்கள். வில்லுக்குறி தாண்டியபின் அவர் கேட்டார்: "யோபுவுக்கு முதலில் ஆடு எத்தனை?"

ஏழாயிரம் என்று யாரோ சொன்னார்கள்.

"கடைசியில் 14,000. ஒட்டகம் 3,000 இருந்தது, 6,000 ஆயிற்று. எல்லாம் இரண்டு மடங்கு. பிள்ளைகள் மட்டும் ஏன் இரட்டிக்கவில்லை? செத்த ஆடு போனதுதான். செத்த பிள்ளை போகவில்லை, கடவுளிடம் இருக்கிறது. முதல் பத்தையும் சேர்த்து எண்ணுங்கள், இருபது வரும். இது பழைய விளக்கம், நான் கண்டுபிடித்ததில்லை."

பெரியம்மா சற்று நேரம் விரலை மடக்கிக்கொண்டிருந்தார். "அப்படியென்றால் எனக்கு மூன்று பிள்ளைகள்" என்றார். யாராவது கேட்டால் இரண்டு என்றுதான் இத்தனை ஆண்டுகளும் சொல்லி வந்தார்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று சேலையையும் செபப் புத்தகத்தையும் ஒன்றாகப் பறித்தது. சிலுவைப்பாதைப் பாட்டைப் பாதிக்கு மேல் காற்றே பாடியது. கிறிஸ்தவ நம்பிக்கையை விட மறுத்த தேவசகாயத்தை எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த புண்களில் மிளகுப்பொடி தேய்த்தார்கள். மூன்றாண்டுச் சிறைக்குப் பிறகு 1752 ஜனவரி 14 இரவு இந்த மலையில் சுட்டார்கள். அவர் முழங்கால்படியிட்ட தடம் என்று காட்டும் பாறையில் பெண்கள் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பாறையைக் கல்லால் தட்டினால் மணி ஓசை கேட்கும். அவர் உயிர் போனபோது பெயர்ந்து விழுந்தது அது என்கிறது ஊர். சிறுவர்கள் விடாமல் தட்டிக்கொண்டிருந்ததில் செபம் செய்ய முடியவில்லை. அதட்டவும் மனம் வரவில்லை.

2022 மே 15-ஆம் தேதி புனிதர் பட்டம் கொடுக்கும் முன், அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பெயரை எடுத்துவிட்டார்கள். சாதி பாராமல் எல்லோரோடும் பழகியவருக்கு அதை இத்தனை காலம் ஒட்டி வைத்திருந்ததுதான் கூத்து.

உடலைக் காட்டில் எறிந்துவிட்டார்கள் என்று சாமியார் சொன்னபோது பெரியம்மா என் கையைப் பிடித்தார். சில நாள் கழித்து மக்கள் தேடிப் போய் எலும்புகளை எடுத்து, கோட்டாறு சவேரியார் கோயிலில் பீடத்தின் முன் அடக்கம் செய்தார்கள். "காடு கொடுத்துவிட்டது, மக்களே" என்றார் பெரியம்மா என்னிடம். "கடலும் கொடுக்கும். வெளிப்பாட்டில் அப்படித்தானே எழுதியிருக்கிறது?" எழுதியிருக்கிறது: தன்னிடம் இருந்த இறந்தோரைக் கடல் ஒப்படைக்கும் நாளைப் பற்றி, விவிலியத்தின் கடைசி நூலான வெளிப்பாட்டின் 20-ஆம் அதிகாரத்தில்.

திரும்பும்போது கோட்டாற்றில் இறங்கினோம். மற்றவர்கள் கல்லறையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். பெரியம்மா கோயில் பணியாளரைத் தேடிப் பிடித்து, நவம்பர் 2-ஆம் தேதி காலையில் கதவை எப்போது திறப்பார்கள், மெழுகுவர்த்தியை எங்கே ஏற்ற விடுவார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதைக் கேட்டு, மார்த்தாண்டத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் போதுமா, முந்திய நாளே தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட வேண்டுமா என்று என்னிடம் கணக்குப் போடச் சொன்னார்.