கதவைத் தட்டினது யாரு?

ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஒரு வரி வந்துச்சு: "கதவு தட்டுற சத்தம் கேட்டுச்சு, அவ விளக்கை அணைச்சா." எழுதினதும் உடம்பே சிலிர்த்துடுச்சு. சரி, தட்டினது யாரு? மூணு நாளா அவன் வெளியவே நிக்கிறான், அவளும் இருட்டுலயே உக்காந்திருக்கா. கடன்காரன்னு வெச்சா சப்புன்னு இருக்கு, செத்துப்போன அண்ணன் திரும்பி வந்துட்டான்னா அது அரைச்ச மாவு, போலீஸ்னா கதை அங்கயே முடிஞ்சுடும்.

1895ல ஜார்ஜ் போல்ட்டின்னு ஒரு பிரெஞ்சுக்காரர், நாடகத்துக்கான சூழ்நிலை மொத்தமே 36தான்னு லிஸ்ட் போட்டார். 1928ல ரஷ்யாவுல விளாதிமிர் ப்ராப் நூறு மாயக்கதைகளைப் பிரிச்சு மேஞ்சுட்டு, அதுல மொத்தம் 31 நிகழ்வுகள்தான் திரும்பத் திரும்ப வருதுன்னு சொன்னார், எல்லாக் கதையிலயும் 31ம் வராது, ஆனா வர்றது பெரும்பாலும் அதே வரிசையில வரும். இதைப் படிச்சப்போ எனக்கு பயமே வரல, பெரிய நிம்மதிதான், ஏன்னா புதுசா இருக்க வேண்டியது சம்பவம் இல்ல, அதுல மாட்டிக்கிட்ட ஆளு.

அதனால நேத்து வெளிய நிக்கிறவனை விட்டுட்டு அவ கையைப் பார்த்தேன். விளக்கை அணைச்ச விரல் இன்னும் சுவிட்ச் மேலயே இருக்கு, எடுக்கல. அப்போ வந்தது யாருன்னு அவளுக்குத் தெரியும்! தட்டின விதத்துலயே தெரிஞ்சுபோச்சு, ரெண்டு தட்டு, ஒரு சின்ன இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. அந்தத் தட்டை அவளும் அவனும் எந்த வயசுல பேசி வெச்சுக்கிட்டாங்கன்னுதான் இப்போ எழுதிட்டிருக்கேன்.