காப்பி இறங்குகிறது

"எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் மதிப்பதில்லை. "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள், அந்த சிலிண்டரைக் கொஞ்சம் மாற்றிக் கொடுங்கள்" என்பாள் மனைவி. அதே நாற்காலியில் அமர்ந்து, "காப்பி இறங்கிக்கொண்டிருக்கிறது" என்று சொன்னால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். காப்பி இறங்கும்போது ஆளை எழுப்பக் கூடாது என்பது எழுதாத சட்டம். இந்த வித்தியாசம் பிடிபட்ட பிறகுதான் போன ஐப்பசியில் ஃபில்டர் காப்பிச் சோதனையில் இறங்கினேன். ருசியெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

அப்போது தலைக்கு மேல் இருந்த வேலை, எங்கள் தேவாலயப் பங்கின் பொன்விழா மலருக்கு அருளானந்தரைப் பற்றிய கட்டுரை. போர்த்துகலிலிருந்து வந்த ஜான் டி பிரிட்டோ என்ற துறவிதான் அவர். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு, 1947இல் புனிதர் பட்டம் பெற்றவர். இந்தப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் ஒரு அருளானந்தாவது இருப்பார், ஓரியூர்ச் செம்மண் ஒரு பொட்டலமாவது இருக்கும். எல்லாருக்கும் தெரிந்தவரைப் பற்றி எழுதுவதைப்போல் கஷ்டம் வேறில்லை. இதற்கு நடுவில் ஞாயிறு மறைக்கல்வி, வாரம் ஒரு அன்பியக் கூட்டம் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பது), பாடகர் குழுவுக்கு ஹார்மோனியம். வீட்டில் 81 வயது அம்மா, தைராய்டு மாத்திரை போடும் மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள். எனக்கு ரத்தக்கொதிப்பு. ஒரு நாளைக்கு இரண்டு காப்பி, மாலை நான்குக்கு மேல் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டுதான் என்று ஆனபின் அந்த இரண்டாவது உருப்படியாக இருக்க வேண்டாமா?

பரணிலிருந்து அம்மாவின் சீதனப் பித்தளை ஃபில்டரை இறக்கினேன். எவர்சில்வர் வந்த பிறகு நாற்பது வருடம் அதை யாரும் தொடவில்லை. முதல் வாரத்துக் குறிப்பு என் நோட்டில் இப்படி இருக்கிறது: "தூள் 30 கிராம். தண்ணீர் 200 மில்லி. இறங்க 45 நிமிடம். டிகாக்‌ஷன் 135 மில்லி. ருசி: கஷாயம். கட்டுரை: ஒன்றரைப் பக்கம்."

அந்தக் கடைசிக் கணக்கைத் தினமும் எழுதிவந்தேன். பின்னால் அதுதான் வம்பாயிற்று.

கஷாயத்துக்குக் காரணம் தூள்தான் என்று முடிவுகட்டினேன். காப்பி கெட்டால் எல்லாரும் முதலில் தூளைத்தான் திட்டுவார்கள். காரைக்குடியில் கண்ணெதிரே வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைகளாகப் பார்த்து ஏறி இறங்கினேன். பிளான்டேஷன் ஏ என்கிற தரத்துக் கொட்டை தனியாக, பீபெரி தனியாக, பிறகு பாதிக்குப் பாதி. ஒரு பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் முதுகு தட்டையாக ஒட்டியிருக்கும். சிலவற்றில் ஒன்று மட்டும் உருண்டையாக விளையும், அதுதான் பீபெரி. அதற்கு இருக்கிற மவுசு அளவுக்கு ருசியில் வித்தியாசம் இருப்பதாக என் நாக்குக்குத் தெரியவில்லை. சிக்கரியை நாற்பதிலிருந்து முப்பது, இருபது, பதினைந்து சதவீதம் என்று குறைத்துக்கொண்டே வந்தேன். கலவைத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம்; பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தால் பலர் இத்தனை நாள் பாதிக்குப் பாதி சிக்கரி குடித்துவந்தது தெரியும். பதினைந்தில் வாசனை தெளிந்தது. கஷாயம் போகவில்லை.

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பச்சைக் கொட்டை கால் கிலோவை இருப்புச்சட்டியில் நானே வறுத்தும் பார்த்தேன். பச்சை மஞ்சளாகி, பழுப்பாகி, பட்பட்டென்று கடுகு மாதிரி வெடித்தது. அதுவரை பெருமைதான். அதற்குப் பிறகு எழுந்த புகையில் மகள் மின்விசிறியோடு ஓடிவந்தாள். 250 கிராம் 210 ஆகச் சுருங்கியது, பாதி கரி, பாதி வேகாதது. அந்த அத்தியாயம் அன்றோடு முடிந்தது.

விடை கிடைத்தது கார்த்திகையில். நாங்கள் குடியிருப்பது ஒரு பழைய செட்டியார் வீட்டின் பின்கட்டு. முன்கட்டும், முற்றத்தைச் சுற்றிய வளவும் பூட்டியே கிடக்கும். கல்யாணம், திருவிழா என்றால் சென்னையிலிருந்து வீட்டுக்கார ஆச்சி வந்து திறப்பார்கள். அந்த முறை கல்யாணத்துக்கு வந்த ஆச்சிக்கு என் காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார்கள். டம்ளரை வட்டாவில் வைத்தார்கள்.

"தம்பி, தூள் நல்ல தூள். தண்ணீர் எது?"

"போர் தண்ணீர்தான் ஆச்சி."

"அதுதான். எங்கள் ஆத்தா காப்பிக்கென்று மழைத்தண்ணீரைத் தனியாகப் பிடித்து வைப்பார்கள். வளவில் விழுகிறது எல்லாம் வீணாகத்தானே போகிறது, அண்டாவை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்."

மறுநாளே வளவின் சாவி என்னிடம் வந்தது. நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலும் பெய்கிற மழை நடு முற்றத்தில் வந்து விழும்படித்தானே இந்த வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். முதல் இரண்டு மழையை ஓடு கழுவ விட்டுவிட்டு, மூன்றாவது மழைக்கு அண்டாவின் வாயில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் பிடித்தேன். மகள் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கிவந்து மூன்று டம்ளர்களில் முக்கினாள். போர் தண்ணீர் 840, கேன் தண்ணீர் 40, மழைத்தண்ணீர் 22. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று கணக்கு. என்ன உப்பு என்று அந்தக் கருவி சொல்லாது, எவ்வளவு என்று மட்டும் சொல்லும். காப்பிக்கு 150க்கு அக்கம்பக்கம் நல்லது என்பது காப்பித் தொழில்காரர்கள் வைத்திருக்கும் அளவு. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து ஏறினால் காப்பியின் மெல்லிய புளிப்பை அது அடித்துவிடும், கசப்பு மட்டும் நிற்கும். அதற்காக ஒன்றுமே இல்லாத தண்ணீரும் ஆகாது. தனி மழைத்தண்ணீரில் போட்ட காப்பி சப்பென்று, எங்கோ தூரத்தில் யாரோ காப்பி போடுவதுபோல இருந்தது. போர் தண்ணீர் ஒரு டம்ளர், மழைத்தண்ணீர் ஐந்து டம்ளர் கலந்தோம். மீட்டரில் 158.

அன்றைக்குக் குடித்த காப்பியைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அம்மா இரண்டாவது டம்ளர் கேட்டார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

தண்ணீரின் குற்றம் தெரிந்ததும் ஃபில்டரின் மேல் சந்தேகம் வந்தது. மேல் பாத்திரத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அடியில் நூற்றுக்கணக்கான துளைகள் நட்சத்திரம்போல் மின்ன வேண்டும். ஒரு ஓரத்தில் பிறை அளவுக்குத்தான் வெளிச்சம் வந்தது. மற்றவற்றை வெள்ளைப் படிவு அடைத்திருந்தது. எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, தையல் ஊசியால் குத்தினேன். உள்ளே பூச்சு போய்ப் பித்தளை தெரிந்தது. பூச்சில்லாத பித்தளையில் புளிப்புள்ள எதையும் வைக்கக் கூடாது என்பதால் ஈயம் பூச ஆள் தேடினேன். ஈயம் என்று வாயில் வருகிறதே தவிர அது வெள்ளீயம், காரீயம் நஞ்சு. முன்பெல்லாம் தெருவில் கூவிக்கொண்டு வருவார்கள், இப்போது விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கிடைத்த பெரியவர் ஃபில்டரைக் கரியடுப்பில் காய்ச்சி, ஒரு சிட்டிகை நவச்சாரத்தைத் தூவினார். வெள்ளைப் புகை குபீரென்று எழுந்தது. வெள்ளீயக் குச்சியால் ஒரு இழுப்பு, பஞ்சால் ஒரு துடைப்பு. பழுப்பாக இருந்த உட்புறம் கண்ணாடியாயிற்று. பாதித் துளைகளையும் ஈயம் அடைத்துக்கொண்டது வேறு கதை. திரும்பவும் ஊசி, திரும்பவும் சன்னல்.

இப்போதுதான் வம்பு. துளைகள் திறந்துகொண்டதும் டிகாக்‌ஷன் பன்னிரண்டு நிமிடத்தில் கடகடவென்று இறங்கிவிட்டது. நோட்டில் அன்றைய குறிப்பு: "கட்டுரை: நான்கு வரி." மறுநாள் மூன்று வரி. அருளானந்தர் அந்தக் கரைக்கும் போகாமல், இந்தக் கரைக்கும் வராமல் நட்டாற்றில் நின்றார்.

மனைவி இன்னும் ஒரு படி மேலே போனாள். "ராத்திரியே தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றி வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் டிகாக்‌ஷன் தயாராக இருக்கும். எங்கள் அம்மா அப்படித்தான் செய்வார்கள்." மறுத்துப் பேச ஒரு வார்த்தை இல்லை. ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான். ராத்திரி முழுக்க நின்ற டிகாக்‌ஷன் வாசனை இழந்துவிடும் என்று கொஞ்சம் உண்மையும் நிறையத் தந்திரமும் கலந்து ஒரு பதில் சொன்னேன். "நான் போட்டால் காப்பி, நீங்கள் போட்டால் ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நல்லவேளையாக நாக்கும் என் பக்கம் சாய்ந்தது. பன்னிரண்டு நிமிட டிகாக்‌ஷன் நீர்த்திருந்தது. தூளை ஒரு சுற்று நைசாக அரைத்துவரச் சொன்னேன். தூளை மூடும் காம்புவைத்த துளைத்தட்டை, அதாவது குடையை, அழுத்தாமல், தூளின் மேல் அதன் கனத்தில் உட்காரவிட்டேன். கொதித்த தண்ணீரை ஒரு நிமிடம் ஆறவிட்டு, முதலில் தூள் நனையும் அளவு ஊற்றி, முப்பது எண்ணிவிட்டு மீதியை ஊற்றினேன். இருபத்திரண்டு நிமிடம். மார்கழியிலிருந்து இன்றுவரை இதுதான் அளவு. முக்கால் பக்கம் ஓடுகிறது.

நேரக் கணக்குதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கலவை. காலை ஆறு மணிக்குப் பூசை. பூசையில் தரும் அப்பமான நற்கருணையை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர வேறெதுவும் ஆகாது. ஆறரைக்கு நற்கருணை என்றால் ஐந்தரைக்குள் என் டம்ளர் காலியாக வேண்டும். அதனால் நாலரைக்கு எழுந்து, நாலே முக்காலுக்குத் தண்ணீர் ஊற்றி, ஐந்து பத்துக்கு முதல் வாய். வயதானவர்களுக்கு இந்த ஒருசந்தி கட்டாயமில்லை என்று அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். "நான் புதுநன்மை வாங்கியபோது நடுராத்திரிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது, தம்பி. ஒரு மணி நேரமெல்லாம் ஒரு உபவாசமா?" என்றார். முதல் நற்கருணையைத்தான் புதுநன்மை என்கிறார். தண்ணீர் குடிக்கலாம் என்று பாப்பரசர் தளர்த்தியது 1953இல். அம்மா அதற்கு முந்தைய ஆள். அவருடைய காப்பி பூசைக்குப் பிறகுதான்.

மனைவியின் தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில். அதன்பின் அரை மணியாவது காப்பி கூடாது, குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. அம்மாவின் இரும்புச்சத்து மாத்திரையை இத்தனை நாள் காப்பியோடுதான் கொடுத்துவந்தோம். காப்பி இரும்பை உடம்பில் சேரவிடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, அதைப் பதினோரு மணிக்கு எலுமிச்சைச் சாற்றுக்கு மாற்றினோம். இதெல்லாம் காப்பியில் இறங்கியிருக்காவிட்டால் கேட்டிருக்கவே மாட்டேன்.

அன்பியக் கூட்டத்துக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. ராத்திரி ஏழரைக்கு ஒரு வீட்டில் செபமாலை முடிந்தவுடன் தட்டில் காப்பி வரும். வேண்டாம் என்றால் அந்த அம்மாவின் முகம் வாடும். குடித்தால் பாதிக் காப்பி ராத்திரி பன்னிரண்டரைக்கும் ரத்தத்தில் நிற்கும், தூக்கம் போகும். காப்பிச் சத்தே இல்லாத தனிச் சிக்கரியைக் கொண்டுபோய் "இதைப் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டுப் பார்த்தேன். அது கருகிய வெல்லமும் மண்ணும் கலந்த ஒரு திரவம். இப்போது சுக்குமல்லிப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். ஏளனமாகத்தான் பார்க்கிறார்கள்.

மாசி வந்துவிட்டது. மழைத்தண்ணீர் ஒரு குடம்தான் மீதி. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று அம்மா என்னைப் பார்த்து, "தவக்காலத்துக்கு எதை விடப்போகிறாய்?" என்று கேட்டார். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காப்பி என்று சொல்லிவிட்டேன். குடிப்பதைத்தானே விடச் சொன்னார்கள், போடுவதை யாரும் சொல்லவில்லை. ஆகவே நாலரைக்கு எழுந்து மனைவிக்கும் மகளுக்கும் டிகாக்‌ஷன் போட்டுவிட்டு நோட்டோடு உட்கார்ந்துகொள்கிறேன். கட்டுரை ஓரியூர் மணல்வெளிக்கு வந்துவிட்டது, கடைசிப் பகுதி.

நேற்று அந்தப் பகுதியிலேயே மூழ்கிப்போனேன். பின்னால் மகளின் குரல் கேட்டது. "அம்மா, அப்பா எங்கே? என் சைக்கிளில் காற்று இறங்கிவிட்டது."

"அப்பாவைக் கூப்பிடாதே. காப்பி இறங்கிக்கொண்டிருக்கிறது" என்றாள் மனைவி.

கையை நீட்டி ஃபில்டரைத் தொட்டேன். சில்லென்று ஆறிக் கிடந்தது.