டர்பனில் ஒரு சின்ன இலக்கிய விழாவில் மேடை ஏறிய கதை

யுனெஸ்கோ 2017-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனை 'இலக்கிய நகரம்' என்று அறிவித்தது. ஆப்பிரிக்காவில் அந்தப் பெயர் முதலில் கிடைத்தது இந்த ஊருக்குத்தான். இங்கே பெரிய விழா என்றால் 'டைம் ஆஃப் த ரைட்டர்'. அதை க்வாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் படைப்புக்கலை மையம் 1998-இல் தொடங்கியது. நான் கலந்துகொண்டது அதில் அல்ல. பக்கத்து நூலகத்தில் உள்ளூர்க்காரர்களே கூடி நடத்தும் சின்ன விழா. சொந்தக் காசில் நாவல் போட்டுவிட்டு அடுத்து என்ன என்று முழிப்பவர்களுக்குப் பயன்படட்டுமே என்று எழுதுகிறேன்.

என் நாவல் ஆங்கிலத்தில். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த ஒரு பெண்ணின் கதை. தமிழில் எழுதியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். இங்கே என் வாசகர்களில் பாதிப் பேருக்குத் தேவாரம் மனப்பாடம், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. யாருக்காக எழுதுகிறோமோ அவர்கள் படிக்க வேண்டாமா?

விழாவுக்கு முந்தைய காகித வேலையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்துக்கான அடையாள எண்ணை, அதாவது ஐஎஸ்பிஎன்னை, வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பிரிட்டோரியா தேசிய நூலகம் அதை இலவசமாகவே தருகிறது. சட்டப்படி நூலகங்களுக்குக் கொடுக்க வேண்டிய பிரதிகளை அச்சடிக்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விழா விண்ணப்பத்தில் கதைச் சுருக்கம், அறிமுகம், புகைப்படம் எல்லாம் வழக்கம்போல. கூடவே, உங்கள் அமர்வுக்கு ஆட்கள் ஏன் வரவேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். "உங்கள் பாட்டனார் எந்தக் கப்பலில் வந்தார் என்று தெரியுமா?" என்று ஒரே வரி எழுதி அனுப்பினேன். கூட்டம் வந்தது அந்த வரிக்காகத்தான், என் பெயருக்காக இல்லை.

நெறியாளர் புத்தகத்தைப் படித்திருப்பார் என்று நம்பாதீர்கள். முதல் தொலைபேசிப் பேச்சிலேயே தெரிந்துவிட்டது, அவர் பின்னட்டையோடு நின்றுவிட்டார் என்று. கோபித்து என்ன பயன்? கேட்கத் தகுந்த இடங்களைப் பக்க எண்ணோடு ஒரு தாளில் எழுதி அனுப்பினேன். மேடையில் அத்தனையையும் தானே கண்டுபிடித்ததுபோல் கேட்டார். நன்றாகத்தான் இருந்தது.

வாசிப்புக்கு எந்த வரியிலும் நிறுத்தக்கூடிய பகுதியை எடுங்கள். எங்களுக்கு முந்தைய அமர்வு இழுத்துக்கொண்டே போனதால் என் வாசிப்பு நேரம் பாதியானது. தோட்டத்தில் அரிசி, பருப்பு, உப்புக் கருவாடு அளந்து போடும் காட்சியை வைத்திருந்தேன். பேச்சு நிறைந்த பகுதி, வெட்டினாலும் தெரியவில்லை. இயற்கை வருணனையை எடுத்திருந்தால் தொலைந்தேன்.

உண்மையான நிகழ்ச்சி அதற்கு அப்புறம்தான் தொடங்கியது. முன்வரிசையில் இருந்த ஒரு ஆயா எழுந்தார். "ஏம்மா, மாசம் பத்து ஷில்லிங் சம்பளம்னுதானே எங்க தாத்தா சொல்லுவார். நீ அஞ்சுன்னு எழுதியிருக்கியே?"

"அது ஆம்பளைக்கு, ஆயா. பொம்பளைக்கு அதுல பாதிதான்."

அரங்கில் சலசலப்பு. பின்னாலிருந்து ஒரு தம்பி, ஒப்பந்தம் முடிந்ததும் அவள் ஏன் ஊருக்குத் திரும்பவில்லை என்றான். 1895 சட்டத்தைச் சொன்னேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமலும் ஊர் திரும்பாமலும் இங்கேயே தங்குகிறவர்கள் ஆண்டுக்கு மூன்று பவுண்ட் வரி கட்ட வேண்டும். மூன்று பவுண்ட் என்றால் அறுபது ஷில்லிங். என் கதாநாயகியின் தோட்டக் கூலியில் அது முழு ஒரு வருடச் சம்பளம். அந்த வரி 1914-இல்தான் ஒழிந்தது. இதைச் சொன்னபோது அவரவர் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. ஊருக்கே போயிருக்கலாமே என்று ஒருவர் முணுமுணுத்தார். போன பிறகு ஊரில் அவளை யார் வீட்டுக்குள் சேர்ப்பார்கள் என்று ஆயாவே அவருக்குப் பதில் சொல்லிவிட்டார்.

முடிந்ததும் கையெழுத்து வாங்க வந்தவர்கள் புத்தகத்தோடு வரவில்லை, பிளாஸ்டிக் உறையோடு வந்தார்கள். உள்ளே கப்பல் பட்டியலின் நகல். வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கத் தேடி எடுத்தது. ஒப்பந்த எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா, கிராமம். கடைசிக் கட்டத்தில் 'இடது கன்னத்தில் தழும்பு'. ஒரு அண்ணன் அந்த வரியைத் தொட்டுக் காட்டி, "என் மகனுக்கும் அதே இடத்துல இருக்கு, சைக்கிள்ல விழுந்தது" என்று சிரித்தார். நாவலாசிரியர் எதைப் படித்துவிட்டு வரவேண்டும் என்றால் இதைத்தான். நடையைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. கூலி, ரேஷன், வரி, கப்பல் விவரங்கள் விரல்நுனியில் இருக்க வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் வந்து நின்றது தொடங்கி இங்கே எல்லோருக்கும் ஒரு கணக்கு உண்டு.

விற்பனை விஷயம். புத்தகக் கடைக்காரர் என்னிடம் எடுத்துக்கொண்ட கழிவு நாற்பது விழுக்காடு. இங்கே புத்தகத்துக்கும் 15 விழுக்காடு வாட் உண்டு, அதையும் சேர்த்தே விலை பேசுங்கள். எத்தனை பிரதி கொடுத்தீர்கள், எத்தனை திரும்பியது என்று அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணம் உடனே வராது, நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு இரண்டாவது மின்னஞ்சலுக்குப் பிறகு வந்தது.