ரீஸ்டார்ட்டுக்கு முன் முப்பது வினாடி

மணலி, திருவொற்றியூர் பக்கத்து கன்டெய்னர் யார்டுகளில் கேட் என்ட்ரி மென்பொருள் உறைந்தால், கொஞ்ச நேரத்தில் வெளியே சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டிவிடும். கேட்டிலிருந்து போன் வரும்: "சார், பேஜ் சுத்திக்கினே இருக்கு, ரீஸ்டார்ட் பண்ணி வுடுங்க சார்." செய்தால் உடனே சரியாகிவிடும். கூடவே தடயமும் அழிந்துவிடும். ரெண்டு நாளில் திரும்ப அதே போன்.

ரீஸ்டார்ட்டுக்கு முன் தடயம் எடுக்கும் அந்த முப்பது வினாடியை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்த மென்பொருளை ஓட்டும் ஜாவா சர்வர் டாம்கேட். அது எந்த யூசரில் ஓடுகிறதோ அதே யூசரில் ஜேஸ்டாக் கட்டளையால் த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும், அதாவது வேலை இழையும், அந்த நொடியில் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுக்க வேண்டும்; பத்துப் பத்து வினாடி விட்டு மூன்று. ஒன்றை வைத்து எந்த த்ரெட் நகர்கிறது, எது நிற்கிறது என்று சொல்ல முடியாது. ஜேஸ்டாக் இல்லாத மெஷினில் 'கில் -3'. பெயர்தான் அப்படி, அது எதையும் கொல்லாது. டம்பை டாம்கேட்டின் லாக் ஃபைலான கேட்டலினா டாட் அவுட்டில் எழுதிவிட்டு டாம்கேட் தன் பாட்டுக்கு ஓடும்.

பேஜ் சுற்றுகிறது, சிபியு சும்மா கிடக்கிறது என்றால் முதல் சந்தேகம் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூல் மேல்தான்: டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்து வைத்து, கேட்கும் த்ரெட்டுக்கு இரவல் தந்து திரும்ப வாங்கும் இடம் அது. டம்பில், வரும் கோரிக்கைகளைக் கவனிக்கும் 'எக்செக்' த்ரெட்கள் வரிசையாக வெயிட்டிங்கில் நிற்கும். ஒவ்வொன்றிலும் சில வரி கீழே 'பாரோ ஆப்ஜெக்ட்' தெரியும், அதாவது பூலிடம் இரவல் கேட்டு நிற்கிறது. கணக்கு இதுதான்: நாம் எதையும் மாற்றாவிட்டால் டாம்கேட்டின் த்ரெட் உச்சவரம்பான மேக்ஸ்த்ரெட்ஸ் 200, அதோடு வரும் டிபிசிபி என்ற பூலின் இணைப்பு உச்சவரம்பான மேக்ஸ்டோட்டல் வெறும் 8. காத்திருக்கும் நேரமான மேக்ஸ்வெயிட்மில்லிஸ் -1, அதாவது கிடைக்கும்வரை காத்துக் கிட. எக்செப்ஷன் (ஓட்டத்தில் வரும் பிழை) வந்தால் கனெக்‌ஷனை மூடாமல் வெளியேறும் கோடு ஒன்று இருந்தால் போதும். எட்டு முறை அந்த வழியில் போனதும் பூல் காலி.

மேக்ஸ்டோட்டலை 100 ஆக்குவது பலர் செய்யும் வைத்தியம். அது நோயைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸே சாதாரணமாக 100 தான். இரண்டு டாம்கேட் இருந்தால் 200 கேட்டு அங்கே வேறு அடி விழும். மேக்ஸ்வெயிட்மில்லிஸை 10000 ஆக வைத்தால் பத்து வினாடியில் எரர் வரும், லாகில் பதிவாகும். 'ரிமூவ் அபண்டண்ட் ஆன் பாரோ', 'லாக் அபண்டண்ட்' இரண்டையும் ட்ரூ ஆக்கினால் கனெக்‌ஷனை வாங்கிக்கொண்டு திருப்பித் தராத வரி எது என்று லாகே காட்டிக்கொடுக்கும். ஆனால் மாற்றாவிட்டால் அதன் கெடு 300 வினாடி. ஒரே குவெரியாக அதற்கு மேல் ஓடும் மாதக் கடைசி ரிப்போர்ட் இருந்தால் நடுவிலேயே கனெக்‌ஷன் பறிபோகும். அதற்குத் தனி பூல் வைப்பது நல்லது. கோடில் எக்செப்ஷன் வந்தாலும் தானே மூடிவிடும் ட்ரை-வித்-ரிசோர்சஸ் போடுவதுதான் நிஜமான மருந்து.

டம்ப் எடுத்தாயிற்று என்றால் ரீஸ்டார்ட் செய்யலாம். அதிலும் ஒரு குழி உண்டு. ஸ்டாப் கொடுத்த பிறகும் அப்ளிகேஷன் திறந்துவிட்ட த்ரெட் ஏதாவது விடாப்பிடியாக ஓடினால் பழைய ஜாவா சாகாது. 8 ஜிபி மெஷினில் 4 ஜிபி ஹீப்போடு (ஜாவாவுக்கு ஒதுக்கிய மெமரி) புதியதும் ஏறினால், மெமரி போதாமல் லினக்ஸ் கெர்னலே இரண்டில் ஒன்றைத் தீர்த்துக்கட்டலாம். கேட்டலினா டாட் அவுட்டில் ஒரு எழுத்தும் இருக்காது, கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்க் கட்டளையில்தான் பார்க்க வேண்டும். டாம்கேட்டின் செட்என்வி ஃபைலில் கேட்டலினா பிஐடி (ப்ராசஸ் எண்ணை எழுதிவைக்கும் ஃபைலின் பாதை) கொடுத்துவிட்டு, முப்பது வினாடி பார்த்துச் சாகாவிட்டால் கொன்றுவிடும் 'ஸ்டாப் 30 -ஃபோர்ஸ்' பழகுங்கள்.